இருண்டே கிடந்த பொட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கைவேலை ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டே வாருங்கள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்கலாம், பாதகமில்லை. ஒரு பச்சைப் பிள்ளையின் ரத்தத்தை வெளிச்சத்துக்கு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் பயம் வரும். வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். பாதியில் விட்டால் பயம் மட்டும்தான் கூட வரும்.

குத்தாலத்துக்குத் தெற்கே வாய்க்கால் ஓரத்து ஊர் ஒன்று. அங்கே வீரையன் என்று ஒருவன். அவன் பெண்டாட்டி பூவிழிக்கு, கல்யாணமாகி வெகுநாள் கழித்து, ஐப்பசி அடைமழையில் ஆண்பிள்ளை பிறந்தது. பூவிழிக்குத் தாய் இல்லை. இருந்ததெல்லாம் பரிதி என்று ஒரு தம்பிதான். அவன் வயசுப்பையன், மயிலாடுதுறையில் கைபேசிக் கடை வைத்திருந்தான். ஆகவே பிள்ளைப்பேறு பார்க்கத் தாய்வீடு போக வழியில்லை. புருசனின் அக்கா அம்சம்தான் எல்லாம் பார்த்தாள். வீரையனையே தூக்கி வளர்த்தவள் அவள். தனக்குப் பிள்ளை இல்லை. தம்பி பிள்ளை என்றதும் தரையில் கால் பாவவில்லை அவளுக்கு.

பிறந்த பிள்ளைக்கு நம் பக்கத்தில் புதுத்துணி போடமாட்டோம், உங்களுக்குத் தெரியும். நல்லபடியாக வாழ்ந்தவர்கள் உடுத்தி உடுத்தி, மெத்தென்று ஆன பழைய துணியில்தான் கிடத்துவோம். உடம்புக்கு இதம். வாழ்ந்தவர் ஆயுசும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. அம்சம் தன் இரும்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் அவள் அப்பா சாமிதுரையின் வேட்டிகள் இருந்தன. தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்த மனுசர். அவர் போன பிறகு கரப்பான் அரிக்காமல், அந்து விழாமல், வருசம் தவறாமல் மடிப்புக்கு மடிப்பு வெள்ளை அந்துருண்டை போட்டுப் பாதுகாத்திருந்தாள்.

வேறு நாளாக இருந்தால் அவற்றை வெந்நீரில் அலசி, வெயிலில் மொடமொடவென்று காயப்போட்டுத்தான் எடுத்திருப்பாள். அந்த வாரம் வெயிலே இல்லை. சம்பா வயலில் பயிர் முழுகித் தண்ணீர் வடியாமல் நின்றது. கொடியில் போட்ட துணியில் பூஞ்சை பூத்தது. ஈரத்துணியைப் பிள்ளைக்குப் போட முடியுமா? வேட்டிகளை நன்றாக உதறினாள். கிழித்துத் துண்டுகள் போட்டாள். தொட்டிலுக்குள் விரித்து, பிள்ளையைச் சுற்றி, சாரல் அடிக்கிறதென்று சன்னலையும் சாத்தினாள். அந்த வாசனை அவளுக்குச் சுத்தத்தின் வாசனை. பூச்சி பொட்டு அண்டாது என்று நிம்மதியாக இருந்தாள்.

பரிதியும் வெறுங்கையோடு வரவில்லை. தாய்மாமன் அல்லவா? மஞ்சளும் வெள்ளையுமாகப் புதுச்சட்டைகள் வாங்கி வந்திருந்தான்.

"புதுத்துணி உடம்பை அறுக்கும் தம்பி. பேர் வைக்கிற அன்னிக்குப் போட்டுக்கலாம்," என்று அம்சம் அதை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். மாமன் முகம் சுண்டிவிட்டது. "நான் கொண்டாந்தது மேல கெடக்குது, அவங்க அப்பா வேட்டி தொட்டில்ல கெடக்குது," என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்தான். அந்தச் சண்டை புகைந்துகொண்டே இருந்தது. அதை மறந்துவிடாதீர்கள்.

முதலில் பிள்ளை மஞ்சளித்தது. பிறந்த பிள்ளைகளுக்கு வருவதுதானே என்று இருந்தார்கள். பிறகு பால் குடிக்க மறுத்தது. ஒருநாள் காலையில் பூவிழி மடியில் போட்டுப் பார்த்தால், நாவல்பழம் தின்ற வாய் மாதிரி உதடு கருநீலம் பாய்ந்து கிடந்தது. அழுகைகூடப் பூனைக்குட்டிச் சத்தம்போல இளைத்துவிட்டது.

குத்தாலத்தில் காட்டினார்கள். அங்கே இருந்த டாக்டர் ஒரு நிமிசம்கூட வைத்துக்கொள்ளவில்லை. "தஞ்சாவூருக்குக் கொண்டு போங்க," என்று தானே ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார். ஆக்சிஜன் வைத்து, மழையில் வண்டி போனது. பரிதி மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டே பின்னால் வந்தான். கும்பகோணம் தாண்டும்வரை பூவிழி பிள்ளை மூக்கின் மேலேயே விரலை வைத்திருந்தாளாம், மூச்சு வருகிறதா என்று.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் ரோஹிணி. பொறுமையான பெண், ஆனால் வேலையில் கத்தி. பிள்ளையின் பாதத்தில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு கிளிப்பை மாட்டினாள். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அது காட்டும். எண்பத்தைந்து என்று நின்றது. ஆக்சிஜனைக் கூட்டினாள். எண்பத்தைந்து. இன்னும் கூட்டினாள். எண்பத்தைந்துதான். நெஞ்சு தெளிவாக இருந்தது. இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தாள், அதுவும் குறையில்லை. காற்று உள்ளே போகிறது, ஆனால் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேரவில்லை.

ரத்தம் எடுத்தபோதுதான் அவளுக்கே கை நின்றது. சுக்குக் காப்பி நிறத்தில் வந்தது. ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டு, காற்றில் ஆட்டிப் பார்த்தாள். எந்த ரத்தமும் காற்றுப் பட்டால் கொஞ்சமாவது சிவக்கும். இது சிவக்கவே இல்லை.

வெளியே வந்து கேட்டாள். "குழந்தைக்கு என்ன குடுத்தீங்க?"

வீரையன் அக்காவைப் பார்த்தான். அம்சம் பையை இறுக்கிப் பிடித்தாள். உரைமருந்து கொடுத்ததற்கு டாக்டர்கள் திட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"தாய்ப்பால்தாங்க."

"பயப்படாதீங்கம்மா. நான் திட்டறதுக்காகக் கேக்கல."

"கொஞ்சூண்டு உரைமருந்து," என்று அம்சம் தேம்பினாள். "வசம்பு, சுக்கு, சாதிக்கா, மாசிக்கா. நாக்குல தடவுறதுதான். நான்தான் குடுத்தேன். எம்புள்ளையை நானே கொன்னுட்டனா?"

"குடுத்திருக்க வேண்டாம். ஆனா அதுல இது வராது. கெணத்துத் தண்ணி குடுத்தீங்களா?"

"தண்ணியே குடுக்கலைங்க."

"பூச்சி மருந்து ஏதாவது வீட்டுல?"

"இந்த மழையில யாருங்க மருந்து அடிப்பா?" என்றான் வீரையன். "பயிரே தண்ணிக்குள்ள கெடக்கு."

"உடம்புல ஏதாவது தடவினீங்களா?"

"எண்ணெகூடத் தடவலைங்க."

எல்லாம் உண்மை. முதலில் மறைத்ததும் வெளியே வந்துவிட்டது. வாய்க்குள் போனதையும் உடம்பில் பூசியதையும்தான் எல்லாரும் தேடினார்கள். சுற்றிக் கிடந்ததை யாரும் நினைக்கவில்லை. நர்சு பிள்ளையின் துணியைக் கழற்றிக் கொடுத்தபோது, "தாத்தா துணிங்க, தலைக்காவது ஒரு துண்டு வைங்க," என்று பூவிழி கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். அந்த நர்சும் பிள்ளை பெற்றவள், மனசு கேட்கவில்லை. மடித்து ஒரு துண்டைத் தலைக்கடியில் வைத்துவிட்டாள். மீதியை அம்சம் பைக்குள் திணித்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

சரி, ரத்தம் எங்கே போனது? மேல்மாடி ஆய்வகத்துக்கு. அங்கே மதிவதனி இருந்தாள். தஞ்சாவூரிலேயே படித்து, ஒளியைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். கைப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி வைத்திருந்தாள். அதற்குள் ஒரு விளக்கு. விளக்கின் வெளிச்சம் வானவில் மாதிரிப் பிரிந்து, ஒவ்வொரு நிறமாக ரத்தத்துக்குள் நுழைந்து வெளியே வரும்.

பந்தியில் உட்காரும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒருவன் அப்பளத்தை முடிப்பான், ஒருத்தி பாயசத்தை முடிப்பாள். இலையில் மிச்சம் இருப்பதைப் பார்த்தே அங்கே உட்கார்ந்தது யார் என்று அம்மாக்காரி சொல்லிவிடுவாள். ரத்தமும் அப்படித்தான். நல்ல ரத்தம் பச்சை, நீலம் என்று குடித்துவிட்டுச் சிவப்பை மட்டும் இலையில் விட்டுவிடும். அதனால்தான் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. கெட்டுப்போன ரத்தம் சிவப்பிலும் கை வைக்கும். எந்த நிறம் எவ்வளவு குறைந்தது என்று கருவி கோடு போட்டுக் காட்டும்.

மதிவதனி கோட்டைப் பார்த்தாள். சிவப்புப் பக்கத்தில், சமதரையாக இருக்கவேண்டிய இடத்தில், வரப்பு மாதிரி ஒரு மேடு. உடனே கீழே ஃபோன் செய்தாள்.

"மேடம், மெத்ஹீமோகுளோபின். சந்தேகமே இல்ல. ரத்தத்துல மூணுல ஒரு பங்கு பிராணவாயுவைத் தூக்கற வேலையையே விட்டுடுச்சு."

"நெனச்சேன்," என்றாள் ரோஹிணி. "மெத்திலீன் புளூ எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன்."

அது நீலமை போன்ற மருந்து. இந்த நோய்க்கு அதுதான் கைகண்டது. நரம்பில் ஏற்றினால் கருத்த ரத்தம் கொஞ்ச நேரத்திலேயே சிவக்கத் தொடங்கும். கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

ஆனால் மதிவதனி ஃபோனை வைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மீதி ரத்தத்தைச் சுழலும் இயந்திரத்தில் போட்டிருந்தாள். மோரில் வெண்ணெய் பிரிவதுபோல, சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் நீர் தெளியும். குழாயை வெளியே எடுத்தாள். மேலே தெளிந்த நீர் பீட்ரூட் அலசிய தண்ணீர்போல இருந்தது.

ரத்த அணுக்கள் உடலுக்குள்ளேயே உடைந்து கரைந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். நிறம் மாறிய நோய் மட்டும் இல்லை இது. உடைகிற நோயும் சேர்ந்திருக்கிறது.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதுதான் முடிச்சு. நம் ரத்த அணுவுக்குள் ஜி6பிடி என்று ஒரு நொதி உண்டு, காவலாள் மாதிரி. நஞ்சு ஏதாவது வந்தால் அணு உடையாமல் அது காக்கும். சிலர் பிறவியிலேயே அந்தக் காவலாள் இல்லாமல் பிறப்பார்கள். சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. நல்ல வளர்த்தியாக, ஓடியாடி இருப்பார்கள். நீல மருந்து வேலை செய்யவும் அதே காவலாளின் உதவி வேண்டும். அவன் இல்லாத உடம்பில் அந்த மருந்தை ஏற்றினால் ரத்தம் சிவக்காது. மிச்சமிருக்கும் அணுக்களும் உடையும். காப்பாற்றும் மருந்தே கொல்லும்.

மதிவதனி ஃபோனை எடுத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கி ஓடினாள். கண்ணாடிக் கதவுக்குள்ளே ரோஹிணி நீல மருந்து நிரம்பிய ஊசியைப் பிள்ளையின் கையில் போட்டிருந்த குழாயில் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"மேடம், போடாதீங்க!"

ரோஹிணியின் கட்டைவிரல் அப்படியே நின்றது. குழாயைப் பார்த்தாள். அந்தப் பீட்ரூட் நிறத்தைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஜி6பிடி இல்லாத புள்ளையா இருக்கும்னு நெனைக்கிறியா?"

"இருக்கலாம் மேடம்."

"இருக்கலாம்னா என்னால எப்படி முடிவெடுக்கறது மதி? இல்லாத புள்ளையா இருந்தா இதைப் போட்டா போயிடும். இருக்கற புள்ளையா இருந்தா இதைப் போடாட்டா போயிடும். முழு ரத்தத்தையும் மாத்தறதுன்னா ஏற்பாட்டுக்கே நேரமாகும். இவ்வளவு சின்ன உடம்பு தாங்கணும்." ஊசியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். "எவ்வளவு நேரம் வேணும்?"

"பத்து நிமிஷம்."

"போ. நான் ரத்த வங்கிக்குச் சொல்லி வைக்கிறேன்."

அந்தக் காவலாள் இருக்கிறானா என்று பார்க்க ஒரு வெளிச்சச் சோதனை உண்டு. ரத்தத்தில் ஒரு மருந்தைக் கலந்து, காகிதத்தில் பொட்டு வைத்து, காயவிட்டு, இருட்டில் ஊதா விளக்குக்கு அடியில் காட்டவேண்டும். காவலாள் இருந்தால் பொட்டு மின்மினிபோல ஒளிரும். இல்லாவிட்டால் இருண்டே கிடக்கும்.

பிள்ளையின் பொட்டைக் காட்டினாள் மதிவதனி. ஒளிர்ந்ததா? ஒளிர்ந்தது மாதிரியும் இருந்தது, ஒளிராதது மாதிரியும் இருந்தது. மங்கலாக, ஈரக்காற்றில் எரிகிற அகல்போல ஒரு சாயல். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஏன் அப்படி என்று அவளுக்குத் தெரியும். காவலாள் இல்லாத உடம்பிலும் புதிதாய்ப் பிறந்த அணுக்களில் கொஞ்சம் சத்து இருக்கும். கிழட்டு அணுக்கள் எல்லாம் முதலிலேயே உடைந்துபோய்விட்டன. மிஞ்சியவை குட்டி அணுக்கள். அவை பொய்ச்சாட்சி சொல்கின்றன.

ஃபோனில் ரோஹிணி. "சொல்லு."

"சொல்ல முடியல மேடம். ரெண்டுங்கெட்டானா இருக்கு."

"எண்பத்தொண்ணுக்கு எறங்கிடுச்சு," என்றாள் ரோஹிணி.

தாயின் ரத்தத்தையாவது எடுத்துப் பார்க்கலாம் என்று மதிவதனி மறுபடி கீழே வந்தாள். அம்மாவுக்கும் பாதி ஒளிர்ந்தால் என்ன செய்வது என்ற பயத்தோடுதான் வந்தாள். தாழ்வாரத்துக்குள் திரும்பும்போதே சத்தம் கேட்டது.

புகைந்த சண்டை பற்றிக்கொண்டிருந்தது.

"அத்தைன்னா எல்லாம் தெரியுமா அண்ணி? மகராசி, பெட்டியை என்னைக்குத் தொறந்தீங்களோ அன்னைக்குப் புடிச்சது சனி!" பரிதியின் சட்டையிலிருந்து இன்னும் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "எங்கக்கா வீட்டுக்குள்ள காலு வெக்க முடியல. அந்துருண்டை நாத்தம்! தொட்டில்கிட்ட குனிஞ்சா எனக்கே கண்ணு எரிஞ்சுச்சு. பச்சப்புள்ள எப்படித் தாங்கும்?"

"எங்கப்பா வேட்டியையா நாத்தங்கிற? வாய் அழுகிடும்டா!"

"நல்ல துணியாத்தானே நானும் வாங்கியாந்தேன்? அதை ஏறக்கட்டுனீங்களே!"

"நீ பேசாத. காச்ச மாத்திரை ரெண்டு முழுங்கிட்டு, பூசணிப்பூ கணக்கா மஞ்சப்பூத்து, கோலா மாதிரி மூத்திரம் போயி, பத்து நாள் ஆஸ்பத்திரில கெடந்தவன்தானே நீ? குடிச்சுக் குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டவன் எனக்குப் புத்தி சொல்றியா?"

"நான் குடிக்கவே இல்லன்னு எத்தனை தடவை சொல்றது? மலேரியான்னு மாத்திரை குடுத்தாங்க, அதைப் போட்டதும்தான் மஞ்சளா ஆச்சு. கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சுல்ல எந்திரிச்சேன்!"

ஆஸ்பத்திரிக் காவல்காரர் ஓடிவந்தார். "ஏங்க, இது ஆஸ்பத்திரிங்க. சத்தம் போடாம வெளியில போங்க ரெண்டு பேரும்!"

"அண்ணே, வேணாம்," என்று மதிவதனி குறுக்கே கையை நீட்டினாள். "அவங்களை நிறுத்தாதீங்க. சண்டை போடட்டும்."

சண்டை தானாகவே நின்றுவிட்டது. யார் இந்தப் பெண், சண்டை போடச் சொல்கிறாளே என்று எல்லாரும் விழித்தார்கள்.

"அம்மா, அந்துருண்டை போட்டு வெச்ச துணின்னாரே, அது எங்க?"

அம்சம் பையை நீட்டினாள். மதிவதனி துணியை முகத்தருகே கொண்டுபோனாள். ஆஸ்பத்திரி மருந்து வாடையை எல்லாம் மீறிக்கொண்டு அது மூக்கில் ஏறியது.

"அலசினீங்களா? வெயில்ல போட்டீங்களா?"

"வெயிலு எங்கம்மா அடிச்சுச்சு?"

"புள்ளை மேல இப்ப இந்தத் துணி இருக்கா?"

"தலைக்கடியில ஒரு துண்டு," என்றாள் பூவிழி. அவள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். "நான்தான் வெக்கச் சொன்னேன்."

மதிவதனி அங்கிருந்தே ஃபோன் செய்தாள். "மேடம், தலைக்கடியில இருக்கற துணியை உடனே எடுங்க. அந்துருண்டை. சுத்திச் சுத்திப் போட்டிருக்காங்க. தோல் வழியாவும் மூச்சு வழியாவும் போயிருக்கு." பிறகு பரிதி பக்கம் திரும்பினாள். "நீங்க பூவிழி கூடப் பொறந்தவரா? ஒரே அப்பா அம்மாவா?"

"ஆமா. தாய்மாமன்."

"கையை நீட்டுங்க."

பரிதி இரண்டடி பின்னால் போனான். "எனக்கு எதுக்கு? எனக்கு ஊசின்னா மயக்கம் வரும்ங்க."

"காது குத்தறப்ப மடியில வெச்சுக்கிற மாமன்," என்றாள் அம்சம், அழுகைக்கு நடுவிலேயே. "ஒரு சொட்டு குடுக்க மாட்டியா? குடுடா!"

"இந்தக் குறை அம்மா வழியா ஆம்பளைப் புள்ளைக்கு வரும்," என்று மதிவதனி வேகவேகமாகச் சொன்னாள். "அம்மாவுக்கு வெளியில தெரியாது. அம்மா கூடப் பொறந்த தம்பிக்கு இருந்தா பளிச்சுன்னு தெரிஞ்சுடும். உங்க ரத்தம் இப்ப உடையல. அது உண்மை சொல்லும்."

பரிதி கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான். வீரையன் அவன் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

மதிவதனி மேலே போனாள். பரிதியும் பஞ்சை அழுத்திக்கொண்டு பின்னாலேயே வந்து ஆய்வகத்து வாசலில் நின்றான். போகச்சொல்ல அவளுக்கு மனமில்லை. காகிதத்தில் இரண்டு பொட்டு வைத்தாள். ஒன்று பரிதியுடையது. இன்னொன்று தன் விரலையே குத்தி எடுத்தது. சோதனை சரியாக நடக்கிறதா என்று தெரிய ஒரு நல்ல ரத்தம் பக்கத்தில் வேண்டுமே.

பொட்டு காயவேண்டும். வெளியே மழை. ஈரக்காற்றில் காகிதம் காய்வேனா என்றது. விசிறிக்கு நேராகப் பிடித்தாள். ஃபோன் அடித்தது.

"எழுபத்தெட்டு," என்றாள் ரோஹிணி. "இன்னும் ரெண்டு நிமிஷம்தான் மதி. அதுக்கு மேல ஏதோ ஒண்ணைச் செஞ்சே ஆகணும்."

"காயுது மேடம்."

அறை விளக்கை அணைத்தாள். ஊதா விளக்கைப் போட்டாள். காகிதத்தை அதற்கு அடியில் நகர்த்தினாள்.

அவளுடைய பொட்டு நீலப்பச்சையாகக் குபீரென்று ஒளிர்ந்தது. பக்கத்துப் பொட்டு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"என்னோடது எதுங்க?" என்றான் பரிதி வாசலிலிருந்து. "அந்த வெளிச்சமா இருக்கறதா?"

மதிவதனி காகிதத்தை உற்றுப் பார்த்தாள். பொட்டு வைக்க மறந்துவிட்டேனோ என்று ஒரு கணம் பயந்து அறை விளக்கைப் போட்டாள். இருந்தது. பழுப்பாக, வட்டமாக, தெளிவாக. விளக்கை மறுபடி அணைத்தாள். காகிதத்தைச் சாய்த்துப் பார்த்தாள், கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். இருண்டே கிடந்தது. ஒளிர வேண்டும், ஒளிர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பார்க்கிற சோதனை அது. அன்றைக்கு அந்த இருட்டுதான் பதில்.

"மேடம், மாமனுக்கு இல்லை. சுத்தமா இல்லை. நீல மருந்து வேண்டாம்."

"நிச்சயமா?"

"மாமனுக்கு இல்ல, புள்ளைக்கு அணு உடையுது, அந்துருண்டை பட்டிருக்கு. என் புள்ளையா இருந்தா நான் போட விடமாட்டேன் மேடம்."

கீழே ரோஹிணி அந்த நீல ஊசியைத் தட்டோடு எடுத்து நர்சிடம் கொடுத்து, கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னாள். ரத்த வங்கியிலிருந்து பை வந்து சேர்ந்திருந்தது. பிள்ளையின் தொப்புள் வழியாக மெல்லிய குழாயை விட்டு, கருத்த ரத்தத்தைச் சிறிது எடுப்பாள், அதே அளவு நல்ல ரத்தத்தைச் செலுத்துவாள். எடுப்பாள், செலுத்துவாள். அவசரப்பட முடியாது, அவசரப்பட்டால் அந்தச் சின்ன இதயம் தாங்காது. வாசலில் நின்றவர்களுக்குக் கண்ணாடி வழியே அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருமுறை ஏதோ மணி அடித்தது, நர்சுகள் இருவர் ஓடினார்கள். பூவிழி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்சம் அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். மணி நின்றது. ரோஹிணியின் தோள் மறுபடி அசையத் தொடங்கிய பிறகுதான் எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

நடுவில் ஒரு துளி மேலே வந்தது. மதிவதனி வெளிச்சத்தில் வைத்தாள். சிவப்புப் பக்கத்து மேடு பாதி கரைந்திருந்தது. இன்னொரு துளி வந்தது. தண்ணீர் பாய்ந்து கரைந்த வரப்புப்போல மேடு சமதரையோடு சேர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தன் விரலில் குத்திய இடம் வலிப்பதே அவளுக்குத் தெரிந்தது.

சாயங்காலம், மழை கொஞ்சம் வெறித்த நேரம், ரோஹிணி வெளியே வந்தாள். "தொண்ணூத்தாறு," என்றாள். "வாயைப் பாருங்க, பாலுக்குச் சப்புக்கொட்டுது." பூவிழி கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். உதடு சிவந்திருந்தது.

அம்சம் மட்டும் உள்ளே பார்க்கவில்லை. பையிலிருந்த துணியை எடுத்து முகத்தில் அறைந்துகொண்டாள். "எங்கப்பா ஆயுசு வரும்னு போட்டேன். எமனையே போட்டுட்டேனே!"

"அதைக் கீழ போடுங்கம்மா முதல்ல," என்று ரோஹிணி மெதுவாக வாங்கி மதிவதனியிடம் கொடுத்தாள். "துணி மேல தப்பில்ல. அந்த உருண்டைதான். மத்தப் புள்ளைங்களா இருந்தா தாங்கியிருக்கும், இவன் தாங்கமாட்டான். பெரியவனானாலும் தாங்கமாட்டான். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லிட்டுத்தான் மாத்திரை வாங்கணும்." பரிதியைப் பார்த்தாள். "உங்களுக்கும்தான். அன்னைக்கு உங்களை மஞ்சளாக்கினது அந்த மலேரியா மாத்திரையாத்தான் இருக்கும்."

அம்சம் மூக்கைச் சிந்திவிட்டுப் பரிதியை ஏறிட்டாள். "அப்ப நீ நெசமாவே குடிக்கலியா?"

"ஒரு வருசமா அதைத்தானே அண்ணி கத்திக்கிட்டு இருக்கேன்!"

"மூஞ்சியைப் பாத்தா குடிச்சவன் மாதிரியே இருந்துச்சு தம்பி. நான் என்ன பண்ணுவேன்?"

வீரையன்தான் முதலில் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். அந்தத் தாழ்வாரமே அழுகையும் சிரிப்புமாக இருந்ததைப் பார்த்து, காவல்காரர் இந்த முறை யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்து வெயில் வந்தது. வயலில் தண்ணீர் வடிந்து, பிழைத்த பயிர் தலைநீட்டியது. பிள்ளையோடு வீடு திரும்புமுன்னே அம்சம் போய்ப் பெட்டியைக் காலி செய்து, உருண்டைகளை எல்லாம் பொறுக்கி எடுத்து அப்புறப்படுத்திவிட்டாள். அப்புறம் வந்த நாட்களில், தெருவில் யார் வயிற்றுப்பிள்ளைக்காரி என்று தெரிந்தாலும் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பாள். "மூக்கை நுழைக்க வந்துட்டா," என்பார்கள். "ஆமாடி, மூக்கைத்தான் நுழைக்கிறேன்," என்பாள்.

பேர் வைக்கும் நாளும் வந்தது. அலமாரி மேலிருந்த மஞ்சள் சட்டையை அம்சம் அதற்கு முன்னமே எடுத்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி மடித்து வைத்திருந்தாள். பரிதி அதைப் பார்த்துவிட்டு வம்புக்கு இழுத்தான்.

"என்ன அண்ணி, பழசுதான் போடணும், புதுசு அறுக்கும்னீங்க?"

"மூணு தண்ணி அலசிட்டேன் தம்பி. இனிமே அது பழசுதான். உக்காரு, மடியைக் காட்டு."

பிள்ளையை மாமன் மடியில் வைத்தாள். சாமிதுரை என்று காதில் மூன்று தரம் பேர் சொன்னார்கள். பிள்ளை மாமன் விரலைப் பிடித்துக்கொண்டது. ஊசி குத்திய அதே கை.

இத்தோடு கதை நின்றது, என் செல்வங்களே. உங்கள் வீட்டுக் கொடியில் ஈரம் தங்காமல் வெயில் அடிக்கட்டும். உங்கள் வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் உதடு சிவந்து, பசித்து, வீடு அதிர அழட்டும். உறவுக்காரர்கள் சண்டை போட்டாலும், ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் கையை நீட்டுகிறவர்களாக இருக்கட்டும். உங்கள் குதிரில் நெல்லும் உங்கள் குடும்பத்தின் ரத்தத்தில் வலுவும் என்றைக்கும் குறையாதிருக்கட்டும்.